இந்தியக் கால்பந்தின் ஆசான் சையத் அப்துல் ரஹீம்

ஐதராபாத் நகரத்துப் பள்ளிகளில் பாடம் சொல்லிக் கொடுத்த ஓர் ஆசிரியர், தம் வாழ்நாளில் இருமுறை இந்திய நாட்டுக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்துப் பொற்பதக்கத்தை ஈட்டித் தந்தார். 1951-ஆம் ஆண்டில் ஒன்று. 1962-ஆம் ஆண்டில் மற்றொன்று. மூன்றாவது பொற்பதக்கம் ஒன்றை நாம் இன்றளவும் பெற்றோமில்லை. அவ்வாசிரியரின் பெயர் சையத் அப்துல் ரஹீம்.

நம் இளைஞர்களுள் பலர் அயல்நாட்டு ஆட்டக்காரர்களின் பெயர்களையும் அவர்கள் போட்ட கோல்களின் கணக்கையும் ஒரு மூச்சில் ஒப்பித்துவிடுவர். ரஹீமின் பெயரை அவர்களில் பெரும்பாலோர் 2024-இல் 'மைதான்' என்னும் இந்தித் திரைப்படம் வெளிவந்த பிறகே கேள்வியுற்றனர். படத்தைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. கதைக்கு வேண்டிய கூட்டலும் குறைத்தலும் திரைப்படத்திற்கு உரியவை. ஆயினும் அப்பெருமகனாரின் வாழ்க்கையை உள்ளவாறே அறிந்துகொள்வது நலம் எனக் கருதி, நாம் அறிந்தவற்றை இங்கே தொகுத்துரைக்க முற்படுகின்றோம்.

ரஹீம் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17-ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். அந்நாளில் அது நிஜாமின் ஆட்சிக்கு உட்பட்ட சமஸ்தானம். இளமையிலேயே கால்பந்தில் நாட்டம் கொண்ட அவர், உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது அதன் அணிக்காக ஆடினார். நகரத்துக் கழகங்களிலும் ஆடினார். நல்ல ஆட்டக்காரர் என்று பெயர் பெற்றவரே ஆயினும், நாடறிந்த ஆட்டக்காரராக அவர் விளங்கினார் என்று சொல்வதற்கில்லை. இதனை நாம் மறைக்க வேண்டுவதில்லை. தாம் ஆடிப் பெற்ற புகழைவிடப் பிறரை ஆட வைத்துப் பெற்ற புகழே அவருக்குப் பெரிது.

பட்டம் பெற்றபின் அவர் ஏற்றது ஆசிரியப் பணி. காச்சிகூடா நடுநிலைப் பள்ளி, உருது ஷரீப் பள்ளி, தாருல் உலூம் உயர்நிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி என அவர் பணியாற்றிய பள்ளிகள் பல. இடையே உடற்கல்வியில் பட்டயமும் பெற்றார். ஆகவே பின்னிரு பள்ளிகளில் விளையாட்டுப் பொறுப்பும் அவரிடமே வந்து சேர்ந்தது. வகுப்பறையில் பாடம் சொல்லுகின்ற ஆசிரியர் மாலையில் மைதானத்திலும் நின்றார். ஒரு மாணவனுக்கு ஒன்று விளங்கவில்லையென்றால் அதனைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்து, மீண்டும் மீண்டும் செய்ய வைப்பதுதான் ஆசிரியர் தொழில். ரஹீம் பிற்காலத்தில் இந்திய அணிக்குக் கற்பித்ததும் இம்முறையிலேதான்.

1943-இல் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பு அவருக்குக் கிட்டியது. 1950-இல் ஐதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்சியாளரானார். இறக்கும் வரையில் அவ்வணியை அவர் கைவிடவில்லை. சங்கச் செயலாளர் என்றால் கோப்பைகளை வழங்கும் மேடையில் அமர்ந்திருப்பவர் என்றே நாம் எண்ணிக்கொள்வோம். ரஹீம் செய்த வேலை வேறு. ஊர்ச் சிறுவர்களுக்காக அவர் ஏற்படுத்திய போட்டிகளைக் கேட்டால் வியப்புத் தோன்றும்.

ஒரு போட்டியில் பந்தை உருட்டிக்கொண்டு எதிரிகளை ஏமாற்றி ஓடுவதற்கு இடமே இல்லை. பந்து வந்தவுடன் அடுத்தவனுக்குத் தந்துவிடவேண்டும். மற்றொரு போட்டியில் பழக்கமான காலால் பந்தைத் தொடக்கூடாது. வலக்காலால் உதைப்பவன் இடக்காலாலும், இடக்காலால் உதைப்பவன் வலக்காலாலும் மட்டுமே ஆடவேண்டும். இன்னொன்று குள்ளமான பையன்களுக்கென்றே நடத்தப்பட்டது. உயரம் போதவில்லை என்று எந்த அணியிலும் சேர்க்கப்படாமல் வேலியோரம் நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டல்லவா? அவர்களுக்கும் ஒரு கோப்பை வைத்தார் ரஹீம்.

இவை வேடிக்கைக்காகச் செய்தவை அல்ல. அந்நாளைய இந்தியக் கால்பந்தில் தனியாட்டத்திற்கே மதிப்பு மிகுதி. மூன்று பேரை ஏமாற்றிவிட்டுப் பந்தை நான்காமவனிடம் இழந்தவனுக்கும் கைத்தட்டல் கிடைத்தது. பந்து கால்களைவிட விரைவாக ஓடும் என்னும் எளிய உண்மையைச் சொற்பொழிவால் விளக்க முடியாது. ஆட்டத்தின் விதியையே மாற்றிவிட்டால் பையன்கள் தாமே கண்டுகொள்வர். ஒரு காலை மட்டும் நம்பியிருப்பவனை எதிரி எளிதில் ஒருபுறமாக ஒதுக்கிவிடுவான். இரு காலும் பழகியவனை ஒதுக்க முடியாது. இதனையும் அவர் விதியாலேயே கற்பித்தார்.

அதன் பயன் விரைவிலேயே தெரிந்தது. 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பையை ஐதராபாத் காவல்துறை அணி வென்றது. பத்தாண்டு இடைவெளிக்குப் பின் 1950-இல் மீண்டும் தொடங்கிய டூரண்ட் கோப்பையையும் கல்கத்தாவின் மோகன் பகானை வென்று அதே அணி கைக்கொண்டது. நூர் முகம்மது, அசீசுதீன், மொய்னுதீன், லாயிக் முதலிய காவல்துறை ஆட்டக்காரர்கள் நாடறிந்தவராயினர். அதுவரை கல்கத்தாவையே கால்பந்தின் தலைநகராகக் கொண்டாடி வந்தவர்கள் ஐதராபாத்தைத் திரும்பிப் பார்த்தனர்.

1951-ஆம் ஆண்டு புதுதில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றபோது இந்திய அணியின் பயிற்சிப் பொறுப்பு ரஹீமிடம் இருந்தது. இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்ற கணக்கில் நம் அணி வென்றது. கோலைப் போட்டவர் சாஹு மேவாலால். அணித் தலைவர் சைலேன் மன்னா. சொந்த மண்ணில் கிடைத்த வெற்றி அது. நாடு விடுதலை பெற்று நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. மகிழ்ச்சிக்குக் குறைவில்லை.

மகிழ்ச்சி ஓராண்டே நிலைத்தது.

எல்சிங்கியில் பெற்ற பாடம்

1952-ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டின் தலைநகராகிய எல்சிங்கியில் ஒலிம்பிக் நடைபெற்றது. சூலைத் திங்கள் 15-ஆம் நாள் நம் அணி யூகோஸ்லாவியாவை எதிர்த்து ஆடிற்று. முடிவு 10-1. பத்துக் கோல் வாங்கி, ஆட்டம் முடியும் தறுவாயில் அகமது கான் போட்ட ஒரே ஒரு கோலுடன் நம்மவர் திரும்பினர்.

எதிரி எளியவன் அல்லன் என்பது உண்மை. அதே யூகோஸ்லாவியா அவ்வொலிம்பிக்கில் இறுதி ஆட்டம் வரை சென்று, அங்கேரியிடம் மட்டுமே தோற்று வெள்ளிப் பதக்கம் பெற்றது. ஆனால் ரஹீம் அவ்வாறு சமாதானம் கூறிக்கொண்டு ஓய்ந்துவிடவில்லை. தோல்விக்கு வேறு காரணங்கள் கண்ணெதிரே கிடந்தன. நம் ஆட்டக்காரர்களுள் பலர் அன்றும் வெறுங்காலுடனேயே ஆடினர். நம் நாட்டின் காய்ந்த, கெட்டியான மைதானங்களில் வெறுங்கால் ஒரு குறையாகத் தோன்றியதில்லை. பந்தின் மீது அதற்குத் தனி உணர்வே உண்டு. வட ஐரோப்பாவின் குளிரிலும் வழுக்கும் புல்தரையிலும் பூட்ஸ் அணிந்தவர்களுக்கு எதிரே அவ்வுணர்வு என்ன செய்யும்? மேலும் நம் நாட்டு ஆட்டங்கள் அந்நாளில் 90 நிமிடத்திற்குக் குறைந்தே நடந்தன. முழு 90 நிமிடம் ஓடிப் பழகாத உடல் கடைசி அரை மணியில் தளர்ந்துவிடும்.

ஆடும் முறையும் பழையதாகிவிட்டிருந்தது. பின்னால் இருவர், நடுவே மூவர், முன்னால் ஐவர் என்று நிற்பதே நம்மவர் அறிந்த வரிசை. ஐரோப்பியரும் தென்னமெரிக்கரும் அதனைத் துறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. நடுவில் முன்னேறி வரும் எதிரியைத் தடுக்கத் தனியே ஒரு பின்காப்பாளர் இல்லாத அணியின் கோல்முகம் திறந்த கதவு போன்றது.

எல்சிங்கித் தோல்விக்குப் பிறகு அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் பூட்ஸ் அணிவதைக் கட்டாயமாக்கிற்று. இது பலருக்கு மனக்கசப்பைத் தந்த மாற்றம். வெறுங்காலால் பந்தை ஏவிப் பெயர் பெற்ற ஒருவனுக்குத் திடீரென்று கனத்த தோல் பூட்ஸை மாட்டிவிட்டால், அவன் தன் கலையையே இழந்துவிட்டதாக உணர்வான். வறிய வீட்டுப் பிள்ளைகளுக்குப் பூட்ஸ் வாங்குவதே பெரும் செலவு. இம்மாற்றத்தைச் சட்டமாக எழுதிவிடுவது எளிது. ஆட்டக்காரனின் காலுக்கு அதனைப் பழக்குவது பயிற்சியாளனின் வேலை. ரஹீம் அவ்வேலையைச் செய்தார். வரிசையையும் மாற்றினார். முன்வரிசையில் நடுவே நிற்கும் சென்டர் பார்வர்டைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, அவனைத் தடுக்க நிற்கும் எதிரி எங்கே நிற்பது என்று தெரியாமல் திகைக்கும்படி செய்தார். பின்னர் நால்வர் பின்னே, இருவர் நடுவே, நால்வர் முன்னே என்னும் 4-2-4 முறைக்கும் அணியைப் பழக்கினார். 1958-இல் பிரேசில் உலகக் கோப்பையை வென்றபோது உலகமெல்லாம் பேசிய முறை இதுவே.

பத்துக் கோல் வாங்கிய அணியின் பயிற்சியாளர் என்ற பழியைச் சுமந்துகொண்டே இவற்றையெல்லாம் அவர் செய்தார் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

நான்கு ஆண்டுகள் சென்றன. 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக். முதல் சுற்றில் நம்மோடு ஆட வேண்டிய அங்கேரி விலகிக்கொண்டது. கால் இறுதியில் போட்டியை நடத்தும் ஆஸ்திரேலியாவே எதிரி. அவர்கள் மண்ணிலேயே, அவர்கள் மக்கள் முன்னிலையிலேயே, 4-2 என்று இந்தியா வென்றது. பம்பாயைச் சேர்ந்த நெவில் டிசௌசா அதில் மூன்று கோல்களைப் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட முதல் ஆசியர் அவரே. நான்காவது கோல் கிட்டு என்று அழைக்கப்பட்ட கிருஷ்ணசாமியினுடையது. அரை இறுதிக்கு வந்த முதல் ஆசிய நாடு இந்தியா.

அரை இறுதியில் எதிரே நின்றது யார்? அதே யூகோஸ்லாவியா. இடைவேளைக்குப் பின் முதல் கோலைப் போட்டது இந்தியா, போட்டவர் டிசௌசா. அந்தச் சில நிமிடங்களில் ரஹீமின் உள்ளத்தில் என்ன ஓடிற்று என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். அதன்பின் யூகோஸ்லாவியர் நான்கு கோல் போட்டு வென்றனர். வெண்கலத்திற்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3-0 என்று தோற்று, நான்காம் இடத்துடன் நம்மவர் திரும்பினர். பதக்கம் இல்லை. ஆனால் 10-1 என்பது 4-1 ஆகியிருந்தது. அதுவும் முன்னிலை பெற்ற பின்னர் தோற்ற 4-1.

ஆட்டக்காரர்களைக் கண்டெடுத்த விதம்

ரஹீமின் கண் எங்கெல்லாம் சென்றது என்பதற்கு ஒரு சான்று கூறலாம். செகந்தராபாத் பட்டாளக் குடியிருப்பை ஒட்டிய அம்முகூடா என்னும் சிற்றூரில், தமிழ் பேசும் எளிய குடும்பத்தில் 1936-இல் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். அவருடைய ஆட்டத்தைக் கண்ட ரஹீம், ஐதராபாத் அணித் தேர்வுக்கு வருமாறு அழைத்தார். நாள்தோறும் செகந்தராபாத் பக்கமிருந்து ஐதராபாத்துக்கு வந்துபோக அந்த இளைஞரிடம் பணமில்லை. அதனைக் கேட்ட ரஹீம் வாடகை மிதிவண்டிக்கு வழி செய்து கொடுத்தார். மிதிவண்டியில் வந்து பயிற்சி பெற்ற அவ்விளைஞர் ஐதராபாத் அணியில் இடம் பெற்றார். அவ்வாண்டிலேயே மெல்போர்ன் ஒலிம்பிக்குக்கும் சென்றார். இந்தியா கண்ட தலைசிறந்த முன்வரிசை ஆட்டக்காரர்களுள் ஒருவராக இன்று நாம் போற்றும் பலராம் அவர்தாம்.

திறமை ஓரிடத்திலும் மைதானம் வேறோரிடத்திலும் இருக்க, இடையே சில மைல் தொலைவைக் கடக்க முடியாமலே மறைந்துபோன பிள்ளைகள் எத்தனை பேர்! இது கால்பந்துக்கு மட்டும் உரிய செய்தியன்று. பள்ளிக்கூடம் எட்டும் தொலைவில் இல்லாமற்போன வீடுகளை நம்மில் பலர் அறிவோம். அவ்விடைவெளியை ஒரு மிதிவண்டி வாடகையால் மூடலாம் என்று தோன்றுவதற்கு ஓர் ஆசிரியரின் மனம் வேண்டியிருந்தது.

ஐதராபாத்தில் பிறந்த மற்றொரு தமிழர் பீட்டர் தங்கராஜ். ஆறடிக்கும் மேற்பட்ட உயரம். பட்டாளத்தில் சேர்ந்து மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்கு ஆடியவர். கோல் காப்பதில் ஆசியாவிலேயே அவருக்கு நிகரில்லை என்று பெயர் பெற்றவர். ரயில்வேயில் பணியாற்றிய பிரதீப் குமார் பானர்ஜி, கல்கத்தாவின் சூனி கோஸ்வாமி, பலராம் ஆகிய மூவரும் ரஹீமின் முன்வரிசையில் ஒருங்கு சேர்ந்தனர். இம்மூவரையும் ஒருசேரக் குறிப்பிடாமல் அக்காலத்து இந்தியக் கால்பந்தைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

1960-இல் உரோம் நகர ஒலிம்பிக். பானர்ஜி அணித் தலைவர். தமிழ்நாட்டின் சைமன் சுந்தரராஜும் அவ்வணியில் இருந்தார். அங்கேரியிடம் 2-1 என்று போராடித் தோற்றனர். நம் கோல் பலராமினுடையது. பிரான்சுடன் 1-1 என்று சமன் செய்தனர். வெற்றி கைக்கெட்டும் நிலையில் இருந்து, ஆட்டம் முடிய எட்டு நிமிடம் இருக்கையில் நழுவிய ஆட்டம் அது. பெரு நாட்டிடம் 3-1 என்று தோற்று வெளியேறினர். அவ்வணியில் ரஹீமின் மகன் சையத் ஷாஹித் ஹக்கீமும் இடம்பெற்றிருந்தார். ஆனால் மூன்று ஆட்டங்களில் ஒன்றிலேனும் அவர் களமிறங்கவில்லை. தந்தையே பயிற்சியாளராக இருந்தும் மகன் ஓரத்தில் அமர்ந்திருந்தார். இதனைப் பற்றி நாம் மேலும் விளக்க வேண்டுவதில்லை.

உரோமுக்குப் பின் இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக் களத்தைக் கண்டதில்லை.

சகார்த்தா, 1962

இனி, ரஹீமின் வாழ்வில் முடிமணியாக அமைந்த நிகழ்ச்சிக்கு வருவோம். 1962 ஆகஸ்டில் இந்தோனேசியாவின் சகார்த்தாவில் நான்காம் ஆசிய விளையாட்டுப் போட்டி. அப்போது ரஹீமுக்கு வயது 53. நுரையீரல் புற்றுநோய் அவர் உடலை அரித்துக்கொண்டிருந்த காலம் அது.

முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 என்று இந்தியா தோற்றது. அடுத்துத் தாய்லாந்தை 4-1 என்று வென்றது. ஆனால் அவ்வெற்றிக்குக் கொடுத்த விலை பெரிது. பின்காப்பின் தூணாகிய ஜர்னைல் சிங்கின் தலையில் காயம்பட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. அணியின் பிரதானக் கோல் காப்பாளர் தங்கராஜ் காய்ச்சலால் படுத்துவிட்டார். அவர் இடத்தில் பிரத்யுத் பர்மன் ஆடினார். இந்நிலையிலும் ஜப்பானை 2-0 என்று வென்று அரை இறுதிக்குச் சென்றனர்.

களத்திற்கு வெளியே நிலைமை இதனினும் மோசமாக இருந்தது. தைவான் நாட்டவருக்கும் இஸ்ரேலியருக்கும் இந்தோனேசியா அனுமதி மறுத்திருந்தது. ஆசியப் போட்டிகளைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராகிய இந்தியாவின் ஜி.டி. சோந்தி இதனை எதிர்த்துப் பேசினார். அதனால் சகார்த்தா மக்களின் சினம் இந்தியர் அனைவர் மீதும் திரும்பிற்று. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. நம் அணி களமிறங்கும்போதெல்லாம் கூச்சலும் ஏளனமும் எழுந்தன. தலைப்பாகை அணிந்த சீக்கிய ஆட்டக்காரர்கள் பேருந்தில் செல்லும்போது வெளியே தெரியாதபடி கீழே குனிந்து அமர்ந்து சென்றதாகக் கூறுவர்.

காயம்பட்ட ஜர்னைல் சிங்கை என்ன செய்வது? தலையில் தையலுடன் உள்ளவனைப் பின்காப்பில் நிறுத்தினால், உயரே வரும் பந்துகளையெல்லாம் அவன் தலையாலேயே தடுக்க வேண்டியிருக்கும். அவனை விட்டுவிட்டும் ஆட முடியாது. எவரும் எதிர்பாராத ஒரு முடிவை ரஹீம் எடுத்தார். ஜர்னைலை முன்வரிசையில் சென்டர் பார்வர்டாக நிறுத்தினார். பின்காப்பை அருண் கோஷ், சந்திரசேகர் முதலியோர் பொறுப்பில் விட்டார். ஜர்னைலுக்கு இளமையில் முன்வரிசையில் ஆடிய பழக்கம் உண்டு, வலிமையான உடல் உண்டு, அஞ்சாமையும் உண்டு. ஆயினும் நாட்டின் தலைசிறந்த பின்காப்பாளரை அரை இறுதியில் முன்னே தள்ளுவது, தவறினால் காலமெல்லாம் ஏசப்படும் முடிவு. அது தவறவில்லை. தென்வியட்நாமை 3-2 என்று இந்தியா வென்றது. இரண்டு கோல் சூனி கோஸ்வாமியுடையவை. ஒன்று ஜர்னைல் சிங்கினுடையது.

இறுதி ஆட்டத்தில் மீண்டும் தென்கொரியா. முதல் ஆட்டத்தில் நம்மை வென்ற அதே அணி. ஆட்டத்திற்கு முந்தைய இரவில் ரஹீம் தம் ஆட்டக்காரர்களிடம், நாளை தமக்கு ஒரு பரிசு வேண்டுமென்றும், அது பொற்பதக்கமாக இருக்கவேண்டுமென்றும் கேட்டுக்கொண்டதாக அவர்களே பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளனர். அவர் அதிகமாகப் பேசும் இயல்பினர் அல்லர் என்பர். ஆதலால் அன்று பேசிய சில சொற்கள் அவர்கள் நெஞ்சில் தைத்திருக்க வேண்டும்.

1962 செப்டம்பர் 4. செனயான் விளையாட்டரங்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள். அவர்களுள் இந்தியாவை ஆதரிப்போர் மிகச் சிலரே. பாகிஸ்தான் ஆக்கி அணியினர் அன்று இந்தியாவுக்காக ஆரவாரம் செய்தனர் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். அது மெய்யாயின் விளையாட்டின் பெருமைக்கு வேறு சான்று வேண்டா. காய்ச்சல் தணிந்த தங்கராஜ் கோல்முகத்திற்குத் திரும்பியிருந்தார். அரை இறுதி வரை நன்கு ஆடிய பர்மனை விலக்கி, படுக்கையிலிருந்து எழுந்தவரை நிறுத்தியதும் ரஹீமின் முடிவே. கொரியர் உயரப் பந்துகளை அடித்து ஆடும் இயல்பினர். ஆகவே உயரமான தங்கராஜே அவர்களுக்கு ஏற்ற தடுப்பு என்று அவர் கணித்தார் போலும்.

17-ஆம் நிமிடத்தில் பானர்ஜி முதல் கோலைப் போட்டார். மூன்று நிமிடம் கழித்து இரண்டாவது கோல். போட்டவர் தலைக்கட்டுடன் ஆடிய ஜர்னைல் சிங். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது கொரியர் ஒரு கோல் போட்டனர். எஞ்சிய நிமிடங்கள் எப்படிக் கழிந்தன என்பதை அங்கிருந்தவர்களே அறிவர். 2-1 என்று இந்தியா வென்றது.

பத்து நாள்களில் ஐந்து ஆட்டங்கள். அவ்வணியில் இருந்தோரின் பெயர்களை ஒருமுறை படித்துப் பார்ப்பது நன்று. பிரிவினையின்போது லயால்பூர்ப் பக்கமிருந்து அகதியாக வந்த ஜர்னைல், கோவாவின் பிராங்கோ, கேரளத்தின் சந்திரசேகர், கூர்க்கா இனத்தவரான ராம் பகதூர், ஐதராபாத்தின் யூசுப் கான், வங்கத்தின் பானர்ஜியும் கோஸ்வாமியும் கோஷும் சின்காவும், தமிழ் வழியினரான தங்கராஜ், பலராம், அருமைநாயகம், எத்திராஜ். ஒருவர் மொழி மற்றவருக்கு விளங்காது. ஒருவர் உண்பதை மற்றவர் உண்ணார். இவர்களை ஓரிடத்தில் தங்கவைத்து, ஒரே முறையில் ஆடப் பழக்கி, ஒருவருக்காக மற்றவர் ஓடும்படி செய்வதே பயிற்சியாளரின் பாடு. பந்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளாமல் அடுத்தவனுக்குத் தந்துவிடு என்று ஐதராபாத்துச் சிறுவர்களுக்கு விதித்த அதே விதியைத்தான் ரஹீம் இவர்களுக்கும் விதித்தார்.

ஊர் திரும்பிய ரஹீம் நெடுநாள் இருக்கவில்லை. நோய் முற்றிப் படுக்கையில் கிடந்து, 1963 சூன் 11-ஆம் நாள் காலமானார். சகார்த்தா வெற்றிக்கும் அவர் மறைவுக்கும் இடையே கழிந்தவை ஒன்பது திங்கள்களே.

அவருக்குப் பின் என்ன ஆயிற்று? 1964-இல் ஆசியக் கோப்பைப் போட்டியில் இரண்டாம் இடம் கிடைத்தது. அது அவர் உருவாக்கிய தலைமுறையின் பயன். 1970-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம் கிடைத்தது. அப்போது பயிற்சிப் பொறுப்பில் இருந்த இருவருள் ஒருவர் ரஹீமின் மாணாக்கராகிய பானர்ஜி. அதன்பின் இந்திய ஆடவர் கால்பந்து அணி ஆசிய விளையாட்டில் பதக்கம் எதுவும் பெறவில்லை. ஐதராபாத்தும் படிப்படியாகக் கால்பந்து வரைபடத்தில் மங்கிற்று. ஒருவரையே நம்பி நின்ற கட்டடம் அவர் சாய்ந்ததும் சாய்ந்தது. அவர் நடத்திய சிறுவர் போட்டிகளை நாடெங்கும் எடுத்துச் செல்ல வேண்டும் என்று அன்று பொறுப்பிலிருந்தவர்களுக்குத் தோன்றாமற் போயிற்றே என்பது நம் ஆற்றாமை. பெரிய செலவு ஒன்றும் இல்லாத ஏற்பாடுதானே அது! ஒரு பந்தும், ஒரு திடலும், எந்தக் காலால் உதைக்கக்கூடாது என்று பார்த்துக்கொண்டு ஓரத்தில் நிற்க ஓர் ஆளும் போதும்.

பயிற்சியாளர்களுக்கென்று இந்திய அரசு துரோணாச்சாரியார் விருதை ஏற்படுத்தியது 1985-இல். ரஹீம் மறைந்து 22 ஆண்டுகள் ஆகியிருந்தன.

உரோம் ஒலிம்பிக்கில் ஓரத்தில் அமர்ந்திருந்த மகன் ஹக்கீம் பின்னர் விமானப்படையில் ஸ்குவாட்ரன் லீடர் பதவி வகித்தார். அனைத்துலக ஆட்டங்களுக்கு நடுவராகவும், பல அணிகளுக்குப் பயிற்சியாளராகவும் பணியாற்றினார். 2017-இல் அவருக்குத் தியான் சந்த் விருது வழங்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் அவர் மறைந்தார். மிதிவண்டியில் பயிற்சிக்கு வந்த பலராம் தம் ஆட்ட வாழ்வுக்குப் பின் கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் தனியே வாழ்ந்து, 2023 பிப்ரவரியில் காலமானார். தம்மைக் காண வந்தவர்களிடம் தம் பழைய ஆட்டங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ரஹீமைப் பற்றியும் பேசி வந்தார்.